பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், சத்தத்தைச் சொல்லுங்கள்

என் மனைவி காரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். நான் கேட்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை ஏழாயிரத்து இருநூறு ரூபாய். பணம் போனது போகட்டும். நான்கு மாதம் ஒரு கெட்டுப்போன சக்கரத்தின் மேல் அவளை உட்காரவைத்து, இதய மருத்துவரைப் பார்க்கத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. என் வயதுக்காரர்கள் பலர் என்னைப் போலவே ஒரு பழைய சின்னக் காரை வைத்துக்கொண்டு, மாதம் நாலு தடவை எடுத்து ஓட்டுகிறவர்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அன்றைக்கு நாங்கள் தூத்துக்குடியில் மைத்துனர் வீட்டில் இருந்தோம். கார் தெருவில் நின்றது. காலையில் பார்த்தால் சக்கரத்தின் நடுக்குமிழ் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். மூன்று நாள் கழித்துத்தான் வடிந்தது. வண்டியைக் கட்டி இழுத்துப் போய், என்ஜின் ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றி, சீட்டைக் கழற்றி வெயிலில் காயவைத்து, பிரேக்கைத் திறந்து சுத்தம் செய்தோம். ஸ்டார்ட் ஆனது. பிழைத்தோம் என்று நினைத்தோம். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்கை அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

சித்திரை மாதம் சத்தம் ஆரம்பித்தது. ஓட்டப்பிடாரத்திலிருந்து தூத்துக்குடி போகும் வழியில், வளைவுகளில் திரும்பும்போது மட்டும் முன்பக்கத்திலிருந்து ஏதோ அரைபடும் சத்தம். நேராகப் போனால் குறைந்துவிடும். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். அதோடு பாட்டும் ஓடும். அதனால் முதலில் சொன்னது அவள்தான்.

"ஏங்க, என் காலுக்குக் கீழே ஆட்டுரல் சுத்துற மாதிரி இருக்கு. மாவை அள்ளின பிறகு வெறுங்கல்லைச் சுத்தினா ஒரு சத்தம் வருமே, அது."

"உனக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். இந்த வாக்கியத்தை ஐம்பது வருடக் குடித்தனத்தில் எத்தனை விஷயத்துக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

எனக்கு என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மத்திய அரசு எழுத்தராகத் தூத்துக்குடிக்கு வந்து, ஓட்டப்பிடாரத்தில் பெண்ணெடுத்து, இங்கேயே தங்கிவிட்டேன். வ.உ.சி. தம் சுதேசிக் கம்பெனிக்காகப் பிரான்சிலிருந்து 'காலியா' கப்பலை வாங்கினார் அல்லவா, அதற்குப் பிறகு இந்த ஊருக்கு வந்த இரண்டாவது பிரெஞ்சுச் சரக்கு நான்தான் என்று மாமனார் கேலி செய்வார். அந்தப் பிரெஞ்சு என் மண்டையில் ஒரு கர்வத்தை ஏற்றிவைத்திருந்தது. கார் திரும்பும்போது சத்தமா? அப்படியானால் 'ழ்வேன் ஓமோசினெத்தீக்' போய்விட்டது! பள்ளி நாளில் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் 1934-இல் வந்த சித்ரோவன் 'ட்ராக்சியோன் அவான்' காரின் படத்தோடு படித்த சொல் அது.

நம் மெக்கானிக்குகள் அதை சி.வி. ஜாயிண்ட் என்பார்கள். அது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். அம்பாசடர், பியட் காலத்தில் வண்டியைத் தள்ளியது பின்சக்கரம். முன்சக்கரத்துக்குத் திரும்புவது மட்டுமே வேலை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 தான் முன்சக்கரம் இழுக்கும் காரை நம் தெருக்களுக்குப் பரவலாகக் கொண்டுவந்தது. இழுக்கும் சக்கரமே திரும்பவும் வேண்டும். சாதாரணக் கார்டன் மூட்டு வளைந்த நிலையில் சுற்றினால், ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடிக் குறையும், வண்டி உதறும். ஒரு கூண்டுக்குள் ஆறு இரும்புக் குண்டுகளை வைத்து அந்த உதறலைப் போக்கிய மூட்டுதான் சி.வி. ஜாயிண்ட். அதன் மேல் ஒரு ரப்பர் பூட் இருக்கும். உள்ளே கிரீஸ். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். பிறகு மூட்டு தேய்ந்து, திரும்பும்போது சத்தம் போடும்.

எல்லாம் சரி. ஆனால் அது போடுகிற சத்தம் வேறு. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

நேராக ஒரு பட்டறைக்குப் போய், "இடது பக்க சி.வி. ஜாயிண்ட் போயிடுச்சு, மாத்துங்க" என்றேன். மாற்றினார்கள். ஆக்சிலோடு சேர்த்து ஏழாயிரத்து இருநூறு. சத்தம் அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "புதுசு சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். ஒரு மாதம் ஓடியது. செட் ஆகவில்லை. அடுத்து ஒரு பெரிய சர்வீஸ் நிலையம். அங்கே கம்ப்யூட்டரில் அடித்து ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள்: ஸ்டீயரிங் பாக்ஸ் மாற்ற வேண்டும், மற்ற பக்க ஆக்சிலும் மாற்ற வேண்டும், மொத்தம் முப்பத்திரண்டாயிரம். சென்னையிலிருக்கும் மகன் போனில் சொன்னான்: "அப்பா, வண்டி விலையே அவ்வளவு வராது. வித்துடுங்க. இனிமே எதுக்கு ஓட்டணும்? டாக்ஸியில போங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நம் ஊரில் இரவு பத்து மணிக்கு நெஞ்சு அடைக்கிறது என்றால் டாக்ஸி எத்தனை நிமிடத்தில் வரும் என்பது சென்னையில் இருப்பவனுக்குத் தெரியாது. அந்தக் கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை.

கடைசியில், குறுக்குச்சாலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் வேலை பார்க்கும் தம்பியிடம் போனேன். அவரிடமும் பழக்க தோஷத்தில், "ஸ்டீயரிங் பாக்ஸ் போயிடுச்சாம்" என்றே ஆரம்பித்தேன்.

"அது இருக்கட்டும் அண்ணாச்சி. சத்தம் எப்படி வருது? எந்தப் பக்கம் ஒடிக்கையில வருது? எந்த ஸ்பீடுல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் கோப்பில் குறிப்பு எழுதியவனுக்கு, தன் சொந்த வண்டியின் சத்தம் வலப்பக்கம் திரும்பும்போது வருகிறதா, இடப்பக்கம் திரும்பும்போது வருகிறதா என்று தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவள்தான் சொன்னாள்: "வலது பக்கம் வளையும்போது தம்பி. அறுபதுல போனா அதிகம். மெதுவாப் போனா இல்ல. நான் முன்னாடி உக்காந்தா என் கால்ல அதிருது. ஆட்டுரல் மாதிரி."

அவர் சிரித்தார். "ஆச்சி சரியாச் சொல்லிட்டாக." பிறகு நான்காவது கேள்வி: "வண்டி வெள்ளத்துல கெடந்துச்சா?"

அதை அதுவரை யாருமே கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வலப்பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் இடது சக்கரத்தில் சாயும். இடது பேரிங் கெட்டிருந்தால் அப்போது உறுமும். இடப்பக்கம் திரும்பினால் பாரம் விலகும்; சத்தம் குறையும். சி.வி. ஜாயிண்ட் அப்படி உறுமாது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டமடித்து, ஆக்சிலேட்டரை அழுத்தினால் 'டக் டக் டக்' என்று எண்ணி எண்ணிச் சொல்லும். இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் ஏழாயிரம் மிச்சம்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, என் கையைப் பிடித்து இடது சக்கரத்தின் மேலிருக்கும் சுருள் வில்லில் வைத்தார். மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார். வில் வழியாக விரலுக்கு ஒரு நறநறப்பு வந்தது, ஈர மணலைத் தேய்ப்பது போல. வலது பக்கம் அதே மாதிரி வைத்துப் பார்த்தேன். வழுவழுவென்று சுற்றியது. இரண்டையும் தொட்டுப் பார்த்த பிறகு எனக்கு எந்த எஸ்டிமேட்டும் தேவைப்படவில்லை. பிறகு இடது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிக் காட்டினார். லேசாக ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பேரிங் முற்றிலும் கெட்டால் சக்கரம் நிலையாக நிற்காது. நான்கு வழிச் சாலையில், லாரிகளுக்கு நடுவே, நெஞ்சு வலிக்காரியை வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தோடுதான் போய் வந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் கழற்றினார். பேரிங்கை உடைத்துக் காட்டினார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காவி நிறத்தில் ஒரு குழம்பு. குண்டுகள் ஓடும் பாதையில் அம்மை வடு மாதிரி குழிகள். இந்தக் காலத்துப் பேரிங்குக்கு ஆயுளுக்கும் ஒரே கிரீஸ்தான். ஓரத்தில் ரப்பர் சீல் போட்டு அடைத்துத் தருகிறார்கள். அந்த சீல் தூசியையும் தெறிக்கும் மழைநீரையும் தடுக்கும். மூன்று நாள் தேங்கிய தண்ணீரைத் தடுக்காது. உள்ளே போன ஈரம் உடனே சத்தம் போடுவதில்லை. துருவாகி, குழியாகி, மாதக்கணக்கில் கழித்துத்தான் வாய் திறக்கும். அதனால்தான் சித்திரையில் வந்த சத்தத்தையும் மார்கழி வெள்ளத்தையும் யாரும் முடிச்சுப் போடவில்லை.

புதுப் பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும், சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது என்றார். பிரஸ் வைக்கும்போதும், நக்கிளுக்குள் ஏற்றுகையில் வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் பாரம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், ஓடும் பாதையில் தடம் விழுந்து, புதுப் பேரிங் முதல் நாளே கெட்டுவிடும். நடு நட்டைப் புதிதாகப் போட்டு, டார்க் ஸ்பேனரில் கணக்குப் பார்த்து முடுக்கினார். பேரிங் 1,350, பிரஸ் கூலி 300, வேலைக் கூலி 900. முதல் நாள் பார்த்ததற்கு 200. மொத்தம் 2,750.

அந்த இருநூறு ரூபாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முந்தைய இரண்டு இடத்திலும் 'செக் பண்ண ஃப்ரீ' என்றார்கள். நமக்கும் அதுதான் பிடிக்கிறது. பார்த்ததற்குக் காசா என்று சண்டை போடுகிறவர்கள் நாம்தான். டாக்டர் நாடி பிடித்து, "ஒண்ணுமில்ல, போங்க" என்றால் மகிழ்ச்சியோடு ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் அரைமணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "டிஸ்குக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு கல் மாட்டியிருந்துச்சு, எடுத்துட்டேன்" என்றால் பத்து ரூபாய் டீக்காசு நீட்டுகிறோம். பாகம் விற்றால்தான் அவருக்கு வரும்படி என்று ஆக்கிவைத்தது யார்? கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுக்காத இடத்தில் கண்டுபிடிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள், மாற்றிப் பார்ப்பார்கள். என்னிடம் வாங்கிய ஏழாயிரத்தில் அந்தப் பட்டறைக்காரருக்குப் பாதிப் பழி. மீதிப் பாதி, வியாதியின் பெயரை நானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்த எனக்கு.

அலுவலகத்தில் இதே வகை மனுதாரர்கள் வருவார்கள். நடந்தது என்ன என்று மனுவில் இருக்காது. 'இன்ன விதியின் கீழ் இன்ன உத்தரவு பிறப்பிக்க வேண்டுகிறேன்' என்று மட்டும் இருக்கும். அந்த விதி பெரும்பாலும் அவருக்குப் பொருந்தாது. "ஐயா, நடந்ததைச் சொல்லுங்க, விதியை நாங்க பாத்துக்கிறோம்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். பட்டறை வாசலில் நானே அந்த மனுதாரர் ஆனேன்.

நடந்ததைச் சொல்வதற்கு நம் தமிழில் இருக்கும் வசதி வேறு எங்கே இருக்கிறது? இரட்டைக்கிளவி என்று இலக்கணத்தில் படித்தோமே, அது பட்டறைக்கு எவ்வளவு உதவும் என்று இப்போதுதான் தெரிந்தது. அந்தத் தம்பியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டதைத் தருகிறேன்.

முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது 'டக் டக்' என்றால், பெரும்பாலும் சி.வி. ஜாயிண்ட். குனிந்து ரப்பர் பூட்டைப் பாருங்கள். கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும். வேகத்தில் 'கொரகொர' என்று உறுமி, ஒரு பக்கம் வளைந்தால் கூடி, மறு பக்கம் வளைந்தால் குறைந்தால், பேரிங். சத்தம் கூடும் திசைக்கு எதிர்ப்பக்கச் சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள். பிரேக் மிதித்தால் மட்டும் 'நறநற' என்றால், பிரேக் பேடு தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது; அன்றைக்கே பாருங்கள். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே முனகினால், சக்கரத்தை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கையும் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி வரை ஒடித்தால் மட்டும் 'சரசர' என்றால், டயர் உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசக்கூடும். சரளை ரோட்டில் போய் வந்தவுடன் திடீரென்று 'கிறீச்' என்று ஆரம்பித்தால், டிஸ்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் கல் மாட்டியிருக்கலாம். கொஞ்ச தூரம் ரிவர்சில் போனாலே சில சமயம் விழுந்துவிடும். செலவு ஒன்றுமில்லை.

இதை வைத்துக்கொண்டு நீங்களே வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ விடக் கூடாது. ஒரு துண்டுத் தாளில் நாலு வரி எழுதிக் கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம் திரும்பினால், எந்த வேகத்தில், பிரேக் மிதித்தால் மாறுகிறதா. அதோடு, வண்டிக்கு முன்பு என்ன நடந்தது: வெள்ளம், பள்ளம், டயர் மாற்றியது. பாகத்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பார்த்ததற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். கேட்காவிட்டால் நீங்களே கேட்டுக் கொடுங்கள்.

நம் பகுதிக்காரர்களுக்கு இன்னொன்று. வேப்பலோடை, தருவைக்குளம் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் உப்பைக் கவனியுங்கள். உப்பளத்துத் தண்ணீரில் வண்டியை இறக்கினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். 2023 வெள்ளத்தில் சக்கரம் மூழ்கக் கிடந்த வண்டி இன்னும் உங்களிடம் இருந்தால், ஒருமுறை நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மகனிடம் வண்டியை விற்கவில்லை என்று சொன்னேன். அதோடு, இருட்டிய பிறகு அவசரத்துக்குத் தவிர நான் ஓட்டுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டேன். ஓட்டுவதை முழுக்க நிறுத்தவேண்டிய நாள் ஒன்று வரும். அதைக் கண்ணும் காலும் சொல்லட்டும். கண்டுபிடிக்கத் தெரியாத ஒரு பேரிங் சொல்லவேண்டாம்.

கடைசியாக என் பிரெஞ்சு. பேரிங்குக்குப் பிரெஞ்சில் 'ரூல்மான்' என்று பெயர். இடி உருளும் ஓசைக்கும், தவில் போன்ற கொட்டின் தொடர் முழக்கத்துக்கும் அதே சொல்தான். உருளும் பொருளுக்கும் உருளும் ஓசைக்கும் ஒரே பெயர். பத்து வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சொல். விடை அதற்குள்ளேயே இருந்திருக்கிறது, எனக்குத் தோன்றவில்லை. ஆட்டுரல் என்று அவளுக்குத் தோன்றியது.

போன வாரம் மருத்துவரிடம் போய்த் திரும்பும்போது, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். நெஞ்சைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, "தேவல" என்றாள். சக்கரத்தைக் கேட்டேன் என்றேன்.

"அதுவும் தேவல. ஆனா பின்னாடி ஏதோ லொட லொடங்குது."

இந்தத் தடவை வண்டியை ஓரமாக நிறுத்தி, எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.